கடவுச்சீட்டுக் கேட்காத ரயில்

ஜேர்மனியில் வாழும் முதல் தலைமுறை ஈழத் தமிழரிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், பலரிடமிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வரும்: "பேர்லினாலை." அதற்கு மேல் விளக்கம் இருக்காது. அதே காலத்தில் வந்தவர்களுக்கு விளக்கம் தேவையும் இல்லை. கொழும்பில் ஏறி, பெரும்பாலும் மொஸ்கோவில் மாறி, கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைந்த ஒரு பயணம் முழுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் அது புரிவதில்லை. உலகத்திலேயே கடுமையாகக் காவல் செய்யப்பட்ட சுவர் அல்லவா அங்கே இருந்தது? தன் சொந்தக் குடிமக்களைச் சுட்டுக் கொன்ற எல்லையை யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஒரு பையோடு எப்படிக் கடந்தார்கள்?

பலர் கடந்தது ஒரு புறநகர் மின்சார ரயிலில். அந்த ரயில் ஏன் அங்கே ஓடியது, அதற்குள் ஏன் யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். அந்த விடையைத் தேடிப்போக எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நான் வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். கணினித் துறையில் ஆலோசகனாக இருக்கிறேன். முதுகலைப் படிப்புக்கான அனுமதிக் கடிதமும் மாணவர் விசாவும் கையில் வைத்துக்கொண்டு இந்த நாட்டில் இறங்கியவன். அப்படி வந்தவர்கள், அந்த ரயிலில் வந்தவர்களின் பாதையை ஏதோ குறுக்குவழி என்று நினைப்பதை நம்மவர் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கால், அரை, முக்கால், முழு

பேர்லின் நகரின் நடுவே கிழக்கு மேற்காக, செங்கல் வளைவுகளின் மேல் உயர்ந்து செல்கிறது ஒரு ரயில் பாதை. 1882 இல் திறக்கப்பட்டது. ஷ்டாட்பான், அதாவது நகர ரயில் பாதை என்று பெயர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில் நீராவி வண்டிகளே ஓடின. நகரம் பெருகப் பெருக, வீட்டு ஜன்னல்களை உரசிக்கொண்டு புகை கக்கிச் செல்லும் வண்டிகளால் சமாளிக்க முடியவில்லை. நீராவி இயந்திரம் மெதுவாகத்தான் வேகமெடுக்கும். கிட்டக்கிட்ட நிலையங்கள் உள்ள பாதையில் அதுவே பெரிய தடை.

1924 ஆகஸ்ட் 8 அன்று நகரின் வடக்கே பேர்னாவ் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம். அதன் வழியாக நேர்மின்னோட்டம். ரயிலின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தொடுகட்டை அந்தத் தண்டவாளத்தின் அடிப்புறத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும். மேற்புறம் மூடப்பட்டிருப்பதால் பனியும் மழையும் அதிகம் தொல்லை தராது. சோதனை வெற்றி பெறவே, நகரம் முழுவதையும் மின்மயமாக்க முடிவாயிற்று. 1928 ஜூன் 11 அன்று பொட்ஸ்டாமிலிருந்து ஷ்டாட்பான் வழியாக எர்க்னர் வரை மின்சார ரயில் ஓடியது. பச்சை வட்டத்துக்குள் வெள்ளை 'எஸ்' எழுத்து 1930 டிசம்பரில் வந்தது. எஸ்-பான் என்ற பெயர் அதிலிருந்து நிலைத்தது.

இந்த மாற்றத்துக்காகவே செய்யப்பட்ட வண்டிகளுக்கு ஷ்டாட்பான் வகை என்று பெயர். பல தொழிற்சாலைகள் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு 1932 வரை 638 ஜோடிகளைக் கட்டின. அதாவது 1,276 பெட்டிகள். ஒரு மோட்டார் பெட்டியும் மோட்டார் இல்லாத ஒரு பெட்டியும் சேர்ந்தது ஒரு ஜோடி. அந்த ஜோடிக்கு ரயில்காரர்கள் வைத்த பெயர் நமக்குச் சொல்லித் தரவே வேண்டாம்: கால் ரயில். இரண்டு கால்கள் அரை ரயில், மூன்று சேர்ந்தால் முக்கால், நான்கு சேர்ந்தால் எட்டுப் பெட்டிகள் கொண்ட முழு ரயில். முழு ரயிலின் நீளம் ஏறக்குறைய 142 மீட்டர். காலையில் முழு ரயில், கூட்டம் குறைந்த நேரத்தில் அரை ரயில் என்று தேவைக்கு ஏற்பப் பிரிக்கலாம், சேர்க்கலாம்.

கீழ்ப்பாதி கருஞ்சிவப்பு, மேற்பாதி வெளிர்மஞ்சள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். இரண்டாம் வகுப்பில் மெத்தை இருக்கைகள், மூன்றாம் வகுப்பில் மரச்சட்ட இருக்கைகள். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு இரட்டைக் கதவுகள். கதவை மூடுவது காற்றழுத்தம், திறப்பது பயணியின் கை. ரயில் நிற்பதற்கு முன்பே கதவை இழுத்துத் திறந்து மேடையில் குதிப்பது பேர்லின்வாசிகளின் பழக்கமாகவே ஆகிவிட்டது. வேகமெடுக்கும்போது மோட்டாரிலிருந்து எழுந்து, சுருதி ஏறிக்கொண்டே போகும் அந்த ஊளைச் சத்தத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்றும் பேர்லினில் இருக்கிறார்கள்.

இந்த வண்டிகளின் எண்ணை வைத்தே ஜேர்மனியின் இருபதாம் நூற்றாண்டைச் சொல்லிவிடலாம். வைமார் குடியரசில் பிறந்தன. நாஜி ஆட்சியில், 1941 இல், ஈ.டி. 165 என்ற எண் பெற்றன. பிரிந்த நாட்டில் 1970 இல் 275 ஆயின. இணைந்த நாட்டில் 1992 இல் 475 ஆயின. வண்டி மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது.

வெட்டுப்பட்ட நகரம்

1930 களில் நகரின் அடியில் வடக்குத் தெற்காக ஒரு சுரங்கப் பாதை தோண்டப்பட்டது. 1935 ஆகஸ்டில் பிரான்டன்பேர்க் வாசலுக்கு அருகே அது இடிந்து 19 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஒலிம்பிக் போட்டிகளுக்காக ஒரு பகுதி 1936 இலும் மிகுதி 1939 இலும் திறக்கப்பட்டது. போரின் கடைசி நாட்களில் அந்தச் சுரங்கம் தண்ணீரில் மூழ்கியது. வண்டிகளில் பல எரிந்தன. வேறு பல போர் இழப்பீடாகச் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின.

1945 இல் நேச நாடுகள் நகரத்தை நான்காகப் பிரித்துக்கொண்டன. ஆனால் ரயிலைப் பிரிக்கவில்லை. அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சுப் பகுதிகள் உட்பட நகரம் முழுவதும் ரயிலை ஓட்டும் பொறுப்பு ரைஷ்ஸ்பான் நிர்வாகத்திடமே விடப்பட்டது. அதன் தலைமையகம் சோவியத் பகுதியில் இருந்தது. பின்னால் உருவான கிழக்கு ஜேர்மனி இந்த உரிமையை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. ஒரு சோசலிச அரசு, பழைய பேரரசை நினைவூட்டும் 'ரைஷ்' என்ற சொல்லைத் தன் ரயில்வேயின் பெயரில் கடைசிவரை வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெயரை மாற்றினால், மேற்கு பேர்லினில் இருந்த உரிமையையும் யாராவது கேள்வி கேட்கலாம் என்ற அச்சம்.

1961 ஆகஸ்ட் 13 அன்று சுவர் எழுந்தது. எஸ்-பான் ஒரே நாளில் இரண்டு துண்டாகியது. நகரின் நடுவே உள்ள ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையம் இரண்டு துண்டுகளுக்கும் கடைசி நிலையமாயிற்று. அது முழுமையாகக் கிழக்கு பேர்லினுக்குள் இருந்தது. ஆனாலும் மேற்கிலிருந்து வரும் ரயில் அங்கே வந்துதான் திரும்பும். ஒரே கூரையின் கீழ் கிழக்குக்கு ஒரு மேடை, மேற்குக்கு ஒரு மேடை, இரண்டுக்கும் நடுவே தகரச் சுவர். நிலையத்துக்கு அடியில் ஓடிய வடக்குத் தெற்குச் சுரங்கமும் மேற்கின் ரயில்களுக்கே. அவை கிழக்கு மண்ணுக்கு அடியில் பொட்ஸ்டாமர் பிளாட்ஸ், உன்டர் டென் லின்டன் போன்ற மூடப்பட்ட நிலையங்களை மங்கிய வெளிச்சத்தில் நிற்காமல் கடந்து, ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில் மட்டும் நிற்கும். மேற்கு மேடைகளில் கிழக்கு அரசு வரியில்லாக் கடைகள் வைத்து மதுவும் சிகரெட்டும் விற்றது. மேற்கு பேர்லின்காரர்கள் ரயிலில் வந்து, மேடையிலேயே வாங்கிக்கொண்டு, அடுத்த ரயிலில் திரும்பிப் போவார்கள்.

இதே காலத்தில் மேற்கு பேர்லின் மக்கள் எஸ்-பானைப் பெரிய அளவில் புறக்கணித்தார்கள். அவர்கள் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் சுவரின் முள்கம்பிக்குப் பணமாகும் என்று தொழிற்சங்கங்களும் அரசியல்வாதிகளும் சொன்னார்கள். எஸ்-பானுக்குப் போட்டியாகப் பேருந்துகளும் சுரங்க ரயில்களும் விடப்பட்டன. மேற்கில் நட்டத்தில் ஓடும் ரயிலுக்குக் கிழக்கு அரசும் புதிய வண்டி வாங்கிக் கொடுக்கவில்லை. ஆகவே 1930 க்கு முன்பின் செய்த அதே வண்டிகள், பாதி காலியாக, புல் முளைத்த நிலையங்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஓட்டிய தொழிலாளர்கள் மேற்கு பேர்லினில் வாழ்ந்தார்கள். சம்பளம் கொடுத்தது கிழக்கு அரசு. 1980 செப்டம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது தோற்றது. அதன் பிறகு மேற்கில் ஏறக்குறையப் பாதி வலையமைப்பு மூடப்பட்டது.

என் தொழிலில் இப்படிப்பட்ட நிலையை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிப் பிறகு பிரிந்துவிடும். நடுவே ஒரு பழைய மென்பொருள் அகப்பட்டுக்கொள்ளும். அதை நிறுத்தினால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியை இரு தரப்பும் விரும்பாது. ஆகவே அது ஓடும். யாருக்கும் பிடிக்காமலே, யாரும் செலவழிக்காமலே, ஆண்டுக்கணக்கில் ஓடும். மேற்கு பேர்லினின் எஸ்-பான் அப்படித்தான் ஓடியது.

1983 டிசம்பர் 30 அன்று ஓர் உடன்பாடு கையெழுத்தானது. 1984 ஜனவரி 9 முதல் மேற்கு பேர்லினின் எஸ்-பான், அந்த நகரின் போக்குவரத்து நிறுவனமான பி.வி.ஜி.யின் கைக்கு வந்தது. முதலில் இரண்டு பாதைகளில் மட்டும்தான் ரயில் ஓடியது. அவற்றில் ஒன்று சார்லொட்டன்பேர்க்கிலிருந்து ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ வரை. அதே ஆண்டில் வடக்குத் தெற்குச் சுரங்கத்தையும் மீண்டும் திறந்தார்கள். வண்டிகளைப் புதிதாக வாங்க நேரமில்லை. ரைஷ்ஸ்பானிடமிருந்து கைமாறிய அரை நூற்றாண்டு பழைய ஷ்டாட்பான் வகையையே பி.வி.ஜி. ஓட்டியது.

அந்த உடன்பாட்டுக்கு ஐந்து மாதங்களுக்கு முன், கறுப்பு யூலை.

எல்லை என்று சொல்லப்படாத எல்லை

மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு 1949 இல் எழுதப்பட்டது. அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிடம் ஓர் உரிமை என்று அதன் 16 ஆவது பிரிவு ஒரே வரியில் சொன்னது. எழுதியவர்களுக்குத் தங்கள் நாட்டிலிருந்து தப்பியோடி, பிற நாட்டு வாசல்களில் காத்து நின்றவர்களின் நினைவு பசுமையாக இருந்தது. ஆனால் உரிமையைக் கேட்பதற்கு முதலில் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டும். அதற்கு விசா வேண்டும். கொழும்பில் வரிசையில் நிற்கும் தமிழ் இளைஞனுக்கு அந்த விசா கிடைக்காது.

கிழக்கு ஜேர்மனியோ தன் நாட்டின் வழியாகக் கடந்து போவதற்கு எளிதாக விசா கொடுத்தது. இதில் அதற்கு இரட்டை இலாபம் இருந்தது. சோவியத்தின் ஏரோஃபுளோட்டிலும் தன்னுடைய இன்டர்ஃபுளூக்கிலும் டிக்கெட்டுகள் வெளிநாட்டு நாணயத்துக்கு விற்றன. கூடவே மேற்கை நெருக்குவதற்கு ஒரு வழியும் கிடைத்தது. ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவர்கள், பேருந்திலோ கிழக்கின் எஸ்-பானிலோ நகருக்குள் போனார்கள். சிலர் அங்கிருந்து வடக்கே கடற்கரைக்குப் போய், டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் கப்பல் ஏறினார்கள். மற்றவர்கள் ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவுக்கு வந்தார்கள்.

அங்கே கிழக்கு ஜேர்மன் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார், முத்திரை குத்தினார், கதவைத் திறந்துவிட்டார். அவருடைய அரசைப் பொறுத்தவரை அது சர்வதேச எல்லை. வெளியேறுபவர் முறைப்படி வெளியேறிவிட்டார். தகரச் சுவருக்கு மறுபக்கம் மேற்கு மேடை. அங்கே ரயில் நிற்கிறது. ஏறி உட்கார வேண்டியதுதான்.

மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை ஏன் இல்லை? கவனக்குறைவு அல்ல, கொள்கை. பேர்லின் முழுவதும் நான்கு வல்லரசுகளின் பொறுப்பில் உள்ள ஒரே நகரம் என்பது அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி ஆகியவற்றின் நிலைப்பாடு. அதன்படி கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே இருப்பது ஒரே நகரத்தின் நிர்வாகப் பிரிவுக் கோடு மட்டுமே. அங்கே குடிவரவு அதிகாரியை உட்கார வைத்தால், அது நாட்டெல்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகும். கிழக்கு ஜேர்மனி இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த அங்கீகாரமே அதுதான். ஆகவே அதிகாரி உட்காரவில்லை. ஓர் அரசு எல்லை என்று சொல்லிச் சுவர் கட்டியது. எதிர்த்தரப்பு எல்லையே இல்லை என்று சொல்லி மேசை போட மறுத்தது. அந்த மறுப்பின் வழியாகத்தான் நம்மவர்கள் வந்தார்கள்.

இப்போது முதலில் கேட்ட இரண்டு கேள்விகளும் ஒன்றாகின்றன. ரயில் ஓடியது, நகரம் ஒன்றே என்று 1945 இல் எழுதிய ஏற்பாட்டை மாற்ற எந்தத் தரப்பும் துணியாததால். சோதனை இல்லாமல் போனதும் அதே ஏற்பாட்டால்தான். பழைய வண்டியும் திறந்த கதவும் ஒரே பிடிவாதத்தின் இரண்டு பக்கங்கள்.

எல்லோரும் எஸ்-பானில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவுக்கு அடியில் மேற்கு பேர்லினின் சுரங்க ரயில் பாதை ஒன்றும் நின்று போனது. சிலர் அதில் ஏறினார்கள். ஆனால் மேல் மேடையில் ஏறியவர்கள், அந்த 1984, 1985 காலத்தில், ஷ்டாட்பான் வகை வண்டியில்தான் ஏறியிருக்க முடியும். பி.வி.ஜி.யிடம் வேறு வகை எஸ்-பான் வண்டி அப்போது இல்லை.

அப்படி வந்த ஒருவர், இப்போது பேரப்பிள்ளைகள் கண்டவர், என்னிடம் சொன்னது இது. ஏஜென்சிக்காரர் அவருக்கு நிலையத்தின் பெயரைச் சொல்லித் தரவில்லை; அந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. எண்ணிக்கையைத்தான் சொல்லித் தந்தார். "நாலாவது ஸ்டேசனிலை இறங்கு, தம்பி." லேர்ட்டர், பெல்வூ, டியர்கார்டன், பிறகு ஸோ. மேற்கு பேர்லினின் மையம் அது. முதல் நிலையத்துக்கு முன்னாலேயே சுவரைத் தாண்டிவிட்டது அவருக்குத் தெரியாது. கீழே தண்ணீர் தெரிந்தது, அவ்வளவுதான். நாலாவது நிலையத்தில் இறங்கிய பிறகும், இனித்தான் சோதனை இருக்கும் என்று நினைத்து மேடையில் நின்றுகொண்டே இருந்தாராம்.

அவர் பார்த்த தண்ணீர் ஹம்போல்ட் துறை. 1961 ஆகஸ்ட் 24 அன்று, சுவர் எழுந்து பதினொரு நாட்களில், அதை நீந்திக் கடக்க முயன்ற குன்டர் லிட்ஃபின் என்ற 24 வயதுத் தையற்காரர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். சுவரருகே துப்பாக்கிச் சூட்டில் இறந்த முதல் ஆள் அவர். அதே தண்ணீருக்கு மேலே, அதே கிழக்கு அரசின் முத்திரையோடு, தமிழர்கள் டிக்கெட் எடுத்துப் போனார்கள். அந்தச் சுவர் தன்னுடையவர்களைப் பூட்டி வைக்கக் கட்டப்பட்டது. நாம் அதற்கு வெளியாட்கள்.

850 மில்லியன்

1985 இல் மேற்கு ஜேர்மனியில் ஏறக்குறைய 74 ஆயிரம் பேர் புகலிடம் கேட்டார்கள். அவர்களில் 17 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அந்த ஆண்டு வேறு எந்த நாட்டிலிருந்தும் அவ்வளவு பேர் வரவில்லை. 'தமிழர்' என்ற சொல்லை ஜேர்மன் செய்தித்தாள் வாசகர்கள் பரவலாகக் கற்றுக்கொண்டது அப்போதுதான். கற்றுக்கொண்ட விதம் நல்லதாக இல்லை. பேர்லினில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக இவர்கள் ஒழுகுகிறார்கள் என்ற மாதிரிப் பேச்சு.

ஓட்டையை மேற்கே அடைத்திருக்கலாம், ஒரு மேசையும் ஓர் அதிகாரியும் போதும். ஆனால் கொள்கை விடவில்லை. ஆகவே கிழக்கைக் கொண்டே அடைக்க வேண்டியிருந்தது. அதற்கு விலை உண்டு.

இரண்டு ஜேர்மனிகளுக்கும் நடுவே வணிகத்துக்கென்று வட்டியில்லாக் கடன் ஏற்பாடு ஒன்று இருந்தது. 1985 யூலையில் அதன் உச்சவரம்பு 600 மில்லியனிலிருந்து 850 மில்லியனாக உயர்த்தப்பட்டது. அதே மாதம், போய்ச் சேரும் நாட்டின் விசா இல்லாத இலங்கையரைத் தன் வழியாகக் கடக்கவிட மாட்டோம் என்று கிழக்கு ஜேர்மனி அறிவித்தது. அன்றைய பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்தே எழுதின. பனிப்போரின் கணக்குப் புத்தகத்தில் நமக்கும் ஒரு வரி இருந்தது என்பதை இந்த எண்களைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

அந்தத் தடை தமிழருக்கு மட்டுமே. ஈரானியரும் லெபனானியரும் கானா நாட்டவரும் தொடர்ந்து வந்தார்கள். 1986 செப்டம்பர் 18 அன்று கிழக்கு ஜேர்மனி அந்தக் கதவையும் மூடுவதாக ஒப்புக்கொண்டது. அக்டோபர் 1 முதல், மேற்கு பேர்லினுக்குப் போக விரும்பும் எவரும் அங்கு நுழைவதற்கான விசாவைக் கிழக்கில் காட்ட வேண்டும். மேற்கு ஜேர்மனியின் எல்லைக்காவலைக் கிழக்கு ஜேர்மனி செய்து கொடுத்தது. மேற்கு தன் மேடையில் மேசை போடாமலே எல்லையை மூடிவிட்டது.

வந்து சேர்ந்தவர்களுக்கு மாநிலங்கள் பிரிக்கப்பட்டன. அகதி விடுதி, வேலை செய்யத் தடை, மாவட்டத்தை விட்டு வெளியே போகத் தடை. பலர் வேறு நாடு தேடினார்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்கள் கப்பல் ஏறியது மேற்கு ஜேர்மனியில். கனடாத் தமிழர் ஆண்டுதோறும் நினைவுகூரும் அந்தப் படகுகளின் கதையை மூடுபனிக் கடலிலிருந்து மட்டும் தொடங்கக் கூடாது. மேற்கு ஜேர்மனியில் அவர்கள் ஏன் தங்க முடியவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மிச்சம் இருப்பது

1989 நவம்பரில் சுவர் திறந்தது. 1990 யூலை 2 அன்று ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில் தகரச் சுவர் இல்லாமல் கிழக்கிலிருந்து மேற்குக்கு எஸ்-பான் நேராக ஓடியது. ஷ்டாட்பான் வகை வண்டிகள் இன்னும் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு 1997 இல் ஓய்வு பெற்றன. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள். சிலவற்றை ஆர்வலர்கள் பழைய நிறத்திலேயே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். லேர்ட்டர் நிலையம் இருந்த இடத்தில் இன்று பேர்லினின் மத்திய ரயில் நிலையம் நிற்கிறது. ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில் கிழக்கிலிருந்து வெளியேறுவோரைச் சோதித்த கண்ணாடி மண்டபம், பிரியும் உறவுகள் அழுத இடம் என்பதால் கண்ணீர் மாளிகை என்று அழைக்கப்பட்டது. 2011 முதல் அது அருங்காட்சியகம்.

16 ஆவது பிரிவின் அந்த ஒற்றை வரி 1993 இல் திருத்தப்பட்டது. பாதுகாப்பான நாடு ஒன்றைக் கடந்து வருபவர் இனி அந்த உரிமையைக் கோர முடியாது. ஜேர்மனியைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாமே அந்தப் பட்டியலுக்குள் வந்தன. தரை வழியாக வருபவருக்கு அந்த வரி ஏறக்குறைய மூடிவிட்டது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவோ மாமாவோ 'களவாய் வந்தவர்' என்ற சொல்லை வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். அவர்களே சிரித்துக்கொண்டு அப்படிச் சொல்வதும் உண்டு. விசா இல்லாமல் வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் ஓர் அரசின் முத்திரையோடு வெளியேறினார்கள். எல்லையே இல்லை என்று மறு அரசு சொன்ன ஓரிடத்தைப் பொது ரயிலில் கடந்தார்கள். பிறகு அந்த நாட்டின் அரசியலமைப்பு தருவதாகச் சொன்ன உரிமையைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். இதில் ஒளித்துச் செய்தது மிகக் குறைவு. படித்துவிட்டு விசாவோடு வந்த எங்களைப் போன்றவர்கள் இதைக் குறுக்குவழி என்று சொல்வதற்கு முன், நாங்கள் கடந்த எந்த எல்லை இவ்வளவு கடினமானதாக இருந்தது என்று கேட்டுக்கொள்ளலாம்.

அந்த ரயிலைப் பற்றி ஜேர்மன் மொழியில் நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்த வண்டி எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்த ஆண்டில் எண் மாறியது என்பதெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் பதிவாகியிருக்கிறது. அதில் பயணம் செய்த நம்மவர்களுக்கு அப்படிப் பதிவு இல்லை. கிழக்கு ஜேர்மன் முத்திரை உள்ள கடவுச்சீட்டைப் பலர் கிழித்துப் போட்டார்கள். ஏஜென்சிக்காரர் வாங்கிக்கொண்டதும் உண்டு. எஞ்சியிருப்பது நினைவு மட்டுமே. அன்று இருபத்தைந்து வயதில் வந்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. எந்த மாதம் வந்தார்கள், ஷோனஃபெல்டில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், மேல் மேடையா சுரங்கமா, எத்தனையாவது நிலையத்தில் இறங்கச் சொன்னார்கள், இறங்கியதும் முதலில் யாரிடம் பேசினார்கள் என்று கேட்டு எழுதி வைக்க ஒரு மாலை நேரம் போதும். "பேர்லினாலை" என்ற பதிலோடு விட்டுவிடாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.